பொன்முடியில் ஒரு கூதிர்

திருவனந்தபுரத்து ஐப்பசியில் ஒரே நாளுக்குள் இரண்டு பருவங்கள் உண்டு. காலையில் வெயில் பளீரென்று அடிக்கும். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது கிழக்கே மலைப்பக்கம் கருத்திருக்கும். நாலு மணி வாக்கில் இடி தொடங்கும். விளக்கு வைப்பதற்குள் கரமனை ஆறு நிறம் மாறிக் கலங்கி ஓடும். மலையாளிகள் இதைத் துலாவர்ஷம் என்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே நாள்கணக்கில் அடைமழையாக நின்று பெய்கிற அதே வடகிழக்குப் பருவமழைதான், மலை தாண்டி இங்கே வரும்போது மாலை நேரத்து இடிமழையாகிவிடுகிறது.

இந்த மாதத்தில் ஊருக்கே ஒரு களை வந்துவிடும். பத்மநாபசுவாமி கோயிலில் அல்பசி உற்சவம் நடக்கும். ஆறாட்டு நாளன்று சுவாமி சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் வழி, விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து போகிறது. அதற்காக ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள். நவம்பர் 1 கேரளப் பிறவி. அலுவலகங்களில் எங்கு பார்த்தாலும் கசவுப் புடவை. குமரி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்களுக்கும் அது பெரிய நாள்தான். 1956இல் அதே நாளில்தான் திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன.

அந்த வாரத்து சனி, ஞாயிறில் நானும் என் வீட்டுக்காரரும் பொன்முடிக்குப் போனோம். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: மழையில் மலைக்குப் போய் என்ன பார்க்கப் போகிறீர்கள், டிசம்பர் கடைசியில் போனால் கடல்வரை தெரியுமே என்று. நியாயமான பேச்சுதான். ஆனால் நாங்கள் கடலைப் பார்க்கப் போகவில்லை.

அவருக்கு விழிஞ்சத்தில் ஷிப்ட் வேலை, எனக்குப் பள்ளிக்கூடம். அவர் வீடு வரும் நேரத்தில் நான் கிளம்புவேன்; நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கேஸ் சிலிண்டர், மகளின் டியூஷன் பணம், அத்தையின் பிரஷர் மாத்திரை என்று பேசவேண்டியதை எல்லாம் பேசிவிடுவோம். மனக்கசப்பு ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து பேசி வெகுகாலம் ஆகிவிட்டது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகளை நாகர்கோவிலில் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஐப்பசியில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

வகுப்பில் நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று அதற்குக் காரணம். தமிழ் அகப்பொருள் இலக்கணத்தில் மலைநிலம் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். சிறுபொழுது யாமம், அதாவது நடு இரவு. இந்த மலைக்கும் இந்தக் குளிருக்கும் இந்த இருட்டுக்கும் உரிய ஒழுக்கமாகத் தொல்காப்பியர் மரபு வைத்திருப்பது புணர்தல், இருவர் கூடியிருத்தல். இளவேனிலில் பூத்துக் குலுங்கும் சோலையையோ நிலாக் காயும் கோடை இரவையோ காதலர் சந்திப்புக்கு முதன்மையாகச் சொல்லவில்லை. சாரல் அடிக்கிற, வழி தெரியாத, வெளியே காலெடுத்து வைக்க யோசிக்கிற பருவத்தைத்தான் சொன்னார்கள். இதைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதிப் போட்டுவிட்டு அடுத்த திணைக்குப் போய்விடுவேன். ஏன் இந்தப் பொழுது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே என்னிடம் கேட்டுக்கொண்டதும் இல்லை. அதைப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நகரத்திலிருந்து பொன்முடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பேரூர்க்கடை, நெடுமங்காடு, சுள்ளிமானூர், விதுரை, கல்லாறு என்று வழி. காலையிலேயே புறப்பட்டால் இடிக்கு முன்னால் மலையேறிவிடலாம். ஆனால் நெடுமங்காட்டில் இறங்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கே கோயிக்கல் அரண்மனை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியோடு சேர்த்துச் சொல்லப்படும் வீடு. அரண்மனை என்ற சொல்லுக்குரிய ஆடம்பரம் எதுவும் கிடையாது. நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு, தாழ்ந்த உத்தரம், தேய்ந்து வழுவழுத்த மர வாசற்படி. இப்போது உள்ளே நாட்டுப்புறக் கலைப்பொருள்களும் பழைய நாணயங்களும் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் நாணயங்களின் முன்னால் வெகுநேரம் நின்றார். சின்ன வயதில் அவருடைய தாத்தாவிடம் திருவிதாங்கூர்ச் சக்கரம் ஒரு கைப்பிடி இருந்ததாம். ராத்திரி தூங்குவதற்கு முன் அதை எண்ணச் சொல்வாராம். அத்தனை ஆண்டு உடன் வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது.

சந்தைக்குள்ளும் கொஞ்சம் நடந்தோம். நெடுமங்காட்டுச் சந்தைக்கு ஒரு வரலாறு உண்டு. 1912இல், தாழ்த்தப்பட்ட மக்களை உள்ளே விடாதிருந்த இந்தச் சந்தைக்குள் அய்யன்காளி தம் மக்களைக் கூட்டிக்கொண்டு நுழைந்தார். பெரிய அடிதடி நடந்தது. அடிபட்டும் பின்வாங்காமல் நின்று, விற்கவும் வாங்கவும் உரிமை பெற்றார்கள். இன்று அந்தச் சந்தையில் ஆணும் பெண்ணும் கைகோத்து நடந்து ஏத்தம்பழமும் மரச்சீனிக் கிழங்கும் வாங்குகிறோம் என்றால், வழியை யாரோ நமக்காக அடிபட்டுத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் உல்லாசத்துக்குப் போகிறவர்களும் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் படும்.

விதுரையில் காலைச் சாப்பாடு. புழுங்கிய மரச்சீனி, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி, சிவந்த மீன்குழம்பு, கட்டன் சாயா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்தி நடவைத்த கிழங்கு இது. பஞ்சத்தில் பசியாற்றிய கிழங்கு இன்று விருந்தில் நிற்கிறது. அந்தச் சாப்பாட்டுக்கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, தமிழ் கலந்தே சொன்னார்: “மேலே நல்ல கோட உண்டு. லைட் போட்டே போகணே.” கோட என்றால் மலைமூடுபனி.

விதுரை தாண்டினால் காற்று மாறுகிறது. ரப்பர்த் தோட்டங்கள் குறைந்து காடு நெருங்கி வருகிறது. கல்லாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். செம்முஞ்சி மொட்டை என்ற முடியில் பிறந்து, இந்த வழியாக இறங்கி, வாமனபுரம் ஆறாகி, 88 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் சேர்கிற தண்ணீர் இது. ஆறு முழுக்க உருண்டு திரண்ட பாறைகள். யானைக்குட்டி அளவு முதல் கைக்குள் அடங்குவதுவரை. எல்லாம் விளிம்பு தேய்ந்தவை. தண்ணீர் கண்ணாடித் தெளிவு, ஆழம் ஏமாற்றும். குளிக்க இறங்கி உயிர் விட்டவர்கள் உண்டு என்பதால் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். மேலே மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். நாங்கள் கரையோரப் பாறை ஒன்றில் உட்கார்ந்து கால் மட்டும் நனைத்தோம்.

அங்கே ஒரு புதரில் காந்தள் பூத்திருந்தது. நெருப்புச் சிவப்பும் மஞ்சளுமாக மேல்நோக்கி மடிந்த இதழ்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கேரளத்தின் மலையடிவாரத்தில் கேட்பாரற்று நிற்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழியும் தலைவியும் அருவியாடிவிட்டுப் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களில் முதலில் வருவது காந்தள்தான். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பது அந்தப் பாட்டின் வரலாறு. ஒருவனுக்குத் தமிழ் என்றால் என்னவென்று காட்ட, ஒரு மலையையும் ஒரு பெண்ணையும் ஒருவனையும் அவர்கள் சந்தித்த கதையையும் எடுத்துக்கொண்டார் கபிலர். என் வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “வகுப்பில சொல்லது மாதிரி இல்லையே பிள்ளே, இது. கதை மாதிரி சொல்லுத,” என்றார். எனக்கு அந்தப் பாராட்டு போதுமானதாக இருந்தது.

கல்லாற்றுச் சோதனைச் சாவடியில் வனத்துறையினர் கட்டணம் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாலைக்கு மேல் புதிதாக யாரையும் மேலே விடுவதில்லை. பெருமழை என்றால் சாலையையே மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் தொடங்குகிறது ஏற்றம். மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி இந்த மலையில் நடந்தது. கார் இரண்டாவது கியரில் முனகுகிற இடங்களில் மனிதர்கள் மிதித்து ஏறிப் பாய்ந்திருக்கிறார்கள்.

முதல் சில வளைவுகள்வரை மூங்கிலும் ஈரமான பாறையும் தெரிந்தன. பத்தாவது வளைவு தாண்டியதும் கோட இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் வெண்மை, அதற்குள் மஞ்சளாக இரண்டு விளக்கு வருவது எதிரே வரும் பஸ் என்று கடைசி நொடியில் தெரியும். அவர் தலையை முன்னால் நீட்டி ஓட்டினார். நான் ஜன்னலைத் திறந்து பள்ளத்துப் பக்கம் பார்த்து, இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு அத்தான், இப்ப ஒடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாட்டு நிறுத்தியாயிற்று, வேறு பேச்சும் இல்லை.

குறிஞ்சித் திணையில் தலைவி கவலைப்படுவது வழியைப் பற்றித்தான். இருளில், மழையில், யானையும் பாம்பும் திரிகிற சிறுபாதையில் அவன் வருகிறானே, அப்படி வரவேண்டாம் என்று தோழியைச் சொல்லச் சொல்வாள். ஆற்றின் அருமை கூறுதல் என்று அதற்குத் துறையே உண்டு. அவன் வரவேண்டும் என்ற ஆசையைவிட அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற அச்சம் பெரிதாகிவிடும் இடம் அது. இத்தனை ஆண்டுகளாக அதைத் துறை என்று மட்டுமே படித்திருக்கிறேன். அந்தப் பனிக்குள், அவருடைய கை ஸ்டியரிங்கில் இறுகியிருப்பதைப் பார்த்தபோது அது எனக்குள் வேறாக இறங்கியது. வீட்டில் அவர் இரவு ஷிப்டுக்குப் பைக்கில் கிளம்பும்போது பாத்துப் போங்க என்று நான் சொல்வதும் அதே துறைதான். தினமும் சொல்வதால் அதன் கனம் எங்கள் காதில் விழாமல் போயிருந்தது.

பொன்முடி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். பெரிய மலை நகரங்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இங்கே கடைத்தெருவோ ஏரியோ இல்லை. மேல் சானட்டோரியம் என்று சொல்லப்படும் உச்சிப்பகுதியில் பழைய விருந்தினர் மாளிகை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கோல்டன் பீக் குடில்கள், காவல்துறை வயர்லெஸ் நிலையம், தேநீரும் பழம்பொரியும் விற்கும் சின்னக் கடைகள், அதற்கப்பால் புல்மேடு. வழியில் தேயிலைத் தோட்டங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் திருவிதாங்கூர் மலைகளில் தேயிலை நட்டபோது கூலி வேலைக்கு வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தோட்டத்தை ஒட்டிய தேநீர்க்கடையில் ஒரு பெரியம்மா எங்களிடம் பேசிய தமிழில் மலையாளத்து இழுப்பும் திருநெல்வேலிச் சீமையின் சொல்லும் ஒன்றாக இருந்தன. ஐப்பசி மழையில் கொழுந்து நல்லா வரும், ஆனா அட்டை ஏறும், உப்புத்தூளை மடியில் கட்டிக்கிட்டுத்தான் போவோம் என்றார். எங்கள் காலையும் குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரரின் கணுக்காலில் ஒன்றைக் கண்டுபிடித்து, உப்புப் போட்டு எடுத்தும் விட்டார்.

குடிலில் பையை வைத்துவிட்டுப் புல்மேட்டுக்குப் போனோம். ஒன்றும் தெரியவில்லை. ஜோடிகள், குடும்பங்கள், கல்லூரிப் பையன்கள் என்று சிலர் நின்று, காட்சி இல்லை என்ற ஏமாற்றத்தோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் நடந்தோம். பத்தடிக்கு மேல் கண் போகாது. போகாதபோது, பக்கத்தில் நடப்பவர் தவிர பார்க்க வேறொன்றும் இல்லை. அவருடைய மீசையில் பனித்துளி கோத்து நின்றது. காதோரம் நரை இவ்வளவு ஏறிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். என் செருப்பு வழுக்கியபோது பிடித்த கையை அவர் அப்புறம் விடவில்லை. திருமணமான புதிதில் கன்னியாகுமரிக் கடற்கரையில் அப்படி நடந்திருக்கிறோம்.

நாலரைக்கு இடி இறங்கியது. மலையில் இடி தலைக்கு மேலிருந்து வருவதில்லை, பக்கத்திலிருந்து வருகிறது. குடிலுக்குள் ஓடி வந்து கதவைச் சாத்தினோம். சற்று நேரத்தில் கரண்டும் போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. மெழுகுவத்தி ஒன்று, கம்பளி இரண்டு, நெடுமங்காட்டில் வாங்கிய ஏத்தம்பழம்.

துலாப்பத்து கழிந்தால் பிலாப் பொந்திலும் தங்கலாம் என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. துலாம் மாதம் பத்தாம் தேதி கடந்தால் பெருமழையின் வேகம் போய்விடும், பலாமரப் பொந்துக்குள்கூடக் குடியிருக்கலாம் என்பது பொருள். அவர் அதைச் சொல்லி, பத்து எப்பவோ கழிஞ்சாச்சு, மழைக்குத்தான் அது தெரியல்ல என்றார். அப்படித் தொடங்கிய பேச்சு நள்ளிரவு தாண்டியும் போயிற்று. தாத்தாவின் சக்கரங்கள் என்னவாயின என்று கேட்டேன். அப்பாவின் வைத்தியத்துக்காக ஒவ்வொன்றாக விற்றதையும், கடைசி ஒன்றைத் தான் ஒளித்து வைத்து, பிறகு தன் தங்கை கல்யாணத்தன்று அவள் கையில் கொடுத்ததையும் சொன்னார். பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பு வருகிறது என்றபோது நான் ஏன் வேண்டாமென்றேன் என்று அவர் கேட்டார். வீட்டு வேலை கெடும் என்று அன்று சொல்லியிருந்தேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது என்று இப்போது சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், “அடுத்த தடவை கேட்டா எடுத்துக்கோ. வீட்டை நான் பாத்துக்கிடுவேன், கேட்டியா,” என்றார். என்னை இவ்வளவு தெரிந்தவரிடம் இதை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன். அந்த இரவு இருவருக்கும் பாரம் குறைந்தது. வெளியே போக வழியில்லாத மழைதான் அதைச் செய்தது. தொல்காப்பியர் ஏன் கூதிரையும் யாமத்தையும் குறிஞ்சிக்குக் கொடுத்தார் என்பதற்கு எனக்கு அங்கே விடை கிடைத்தது. இருட்டும் குளிரும் மழையும் கண்ணை உலகத்திலிருந்து திருப்பி அருகில் இருப்பவர் பக்கம் வைக்கின்றன.

காலை ஐந்தரைக்கு எழுந்து கதவைத் திறந்தால் வானம் துல்லியமாக இருந்தது. ராத்திரி மழை கோடயை அள்ளிக்கொண்டு போயிருந்தது. புல்மேட்டில் நின்றோம். தென்கிழக்கே, மலைகளுக்குப் பின்னால் தனித்து எழுந்து நிற்கும் முடி: அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். நாம் பொதிகை என்கிறோம். அதன் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இறங்குகின்றன. நான் குடிக்கும் தண்ணீரும் பாபநாசத்தில் என் சின்ன வயதில் குளித்த தண்ணீரும் ஒரே மலைத்தொகுதியின் இரு பக்கங்கள். 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்த காடு அது. பொன்முடிக்குப் பக்கத்தில் வரையாட்டுமொட்டை என்ற முகட்டில் வரையாடுகள் உண்டு. அன்று எங்கள் கண்ணில் படவில்லை. சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை மட்டும் பள்ளத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அகத்தியர் தெற்கே வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். சிவன் உமை திருமணத்துக்கு எல்லோரும் கயிலையில் கூட வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததாம். சமன் செய்ய அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பினார் சிவன். கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போகிறதே என்ற அவர் வருத்தத்தைத் தீர்க்க, பாபநாசத்தில் திருமணக் கோலத்தில் காட்சி தந்தார் என்பது தலபுராணம். இந்தக் கதையில் நாம் மறந்துவிடுவது அகத்தியரின் மனைவி உலோபாமுத்திரையை. ரிக் வேதத்தின் முதல் மண்டலத்து 179ஆம் பாடல் அவளுக்கும் அகத்தியருக்கும் நடக்கும் உரையாடல். எத்தனையோ சரத் காலங்கள் இரவும் பகலும் உழைத்துக் களைத்துவிட்டேன், மூப்பு உடலின் அழகைக் குறைக்கிறது, வாய்மையைக் காத்த முன்னோரும் தவத்தின் முடிவைக் கண்டதில்லை, கணவன் மனைவியரிடம் வரட்டும் என்பது அவள் வாதம். சரத் காலம் என்பது வடமொழி மரபில் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய பருவம். அவள் ஆண்டுகளை அந்தப் பருவத்தால் எண்ணுகிறாள். அகத்தியரும் அவள் சொல்வதை ஏற்கிறார். அவர் தவத்தையும் இல்லறத்தையும் ஒருங்கே வளர்த்தார் என்று அந்தப் பாடல் முடிகிறது.

அதை நான் மலைமுடியைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெண்ணின் குரலில் கெஞ்சல் இல்லை; கடமைகளை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் என்னைக் கவனி என்று அவள் கேட்கவில்லை. கூடியிருப்பதும் கடமைதான், அதைத் தள்ளிப்போட்டால் காலம் தின்றுவிடும் என்கிறாள். எங்கள் வீட்டிலும் நாங்கள் இருவரும் ஒரு தவத்தில்தான் இருந்தோம்: கடன் அடைப்பது, பிள்ளைகளைப் படிக்கவைப்பது, பெரியவர்களைப் பார்ப்பது. எல்லாம் நல்ல காரியங்கள். நல்ல காரியங்களின் பேரில்தான் மனிதர்கள் ஒருவரை ஒருவர் இழக்கிறார்கள்.

களைப்பைப் பற்றி இந்தக் காட்டுக்கு இன்னொரு கதையும் தெரியும். 1987இல் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் களைக்காமல் ஏறுவதைக் கவனித்தார்கள். அவர்கள் மென்றுகொண்டே வந்தது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய்கள். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தர ஒப்புக்கொண்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் முயற்சிகளில் ஒன்றாக உலகம் அதைப் பேசுகிறது. கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அந்த எளிய நியாயம் வீட்டுக்குள்ளும் செல்லும். இத்தனை ஆண்டும் என்னைத் தாங்கியவருக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டியதில் முதன்மையானது என் நேரம். அவர் எனக்குத் தரவேண்டியதும் அதுவே.

பத்து மணிக்குள் மறுபடியும் பள்ளத்திலிருந்து பஞ்சு மேலேறத் தொடங்கியது. மாலை இடிக்கு முன் கீழே இறங்கிவிடலாம் என்று கிளம்பினோம். இறக்கத்தில் வளைவுப் பலகைகளின் எண்கள் குறைந்துகொண்டே வர, அவற்றை இருவரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணினோம். இரண்டு முடிவுகளையும் அந்த வளைவுகளிலேயே எடுத்தோம். முதலாவது, அவர் ஷிப்ட் அட்டவணை எப்படி இருந்தாலும் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அன்று சிலிண்டரும் டியூஷனும் பேச்சில் கிடையாது. இரண்டாவது, வரும் தை மாதத்தில் வனத்துறை அனுமதி வாங்கி அகத்தியர்கூடம் ஏறுவது. முன்பெல்லாம் அந்த முடிக்குப் பெண்கள் போக முடியாது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் முதல் பெண்ணாக ஏறிவிட்டு வந்தார். உலோபாமுத்திரையின் ஊருக்கு நானும் நடந்தே போகலாம்.

மழைக்காலத்தில் மலைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சாலை திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே விசாரியுங்கள். காலையில் ஏறுங்கள், ஆற்றில் இறங்காதீர்கள், உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்சி தெரியுமா என்று மட்டும் கவலைப்படாதீர்கள். தெளிந்த வானத்தில் கடல்வரை பார்க்க விரும்புகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஐப்பசிதான் பொழுது. வீட்டுக் காரியங்கள் முடிந்தபிறகு போகலாம் என்று காத்திருக்கும் தம்பதிகளுக்கு அந்தக் காரியங்கள் முடிவதில்லை. இந்தக் கூதிர் கழிவதற்குள் ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டுவிடுங்கள்.